நிசின் போட்டும் சீஸ் பாக்கெட் ஊதுகிறதா? பால் ஆலைத் தரக்கட்டுப்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதப்படுத்திய சீஸ் பாக்கெட் ஊதிப்போனால் முதலில் பழி விழுவது, பாக்டீரியாவைத் தடுக்க அதில் சேர்க்கும் நிசின் என்னும் பதப்பொருளின் டப்பா மீது. "சரக்கு சரியில்லை" என்று விற்றவரைத் திட்டுவதற்கு முன், அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பல தவறுகள் அங்கேயே பிடிபடும்.

சோர்பேட், பென்சோயேட் போன்ற வேதிப் பதப்பொருள்களோடு ஒரே அலமாரியில் இருந்தாலும் நிசின் அவற்றின் சாதி அல்ல. அது 34 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியா, பின்னால் வெட்டப்படும் 23 அமினோ அமிலத் தலைப்பகுதியையும் சேர்த்து 57 அமினோ அமிலச் சங்கிலியாக அதை, செல்லின் புரதப் பட்டறையான ரைபோசோமில் கோக்கிறது. தச்சு வேலை அதன் பிறகுதான். ஒரு நொதி சில செரின், திரியோனின்களிலிருந்து நீரை உருவுகிறது. இன்னொன்று அந்த இடங்களில் சிஸ்டீனின் கந்தகத்தை மாட்டி ஐந்து வளையங்கள் போடுகிறது. செல்லுக்கு வெளியே மூன்றாவது நொதி தலையை வெட்டும் வரை அதற்கு விஷம் ஏறாது. செய்தவனையே கொல்லாமலிருக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு.

வளையங்கள் எதற்கு? பாக்டீரியா தன் செல் சுவருக்கான செங்கற்களை லிப்பிட்-2 என்னும் மூலக்கூறின் மேல் ஏற்றிச் சவ்வைத் தாண்டி அனுப்புகிறது. நிசினின் முதல் இரண்டு வளையங்கள் கூடுபோல் வளைந்து, அந்த லிப்பிட்-2இன் பைரோபாஸ்பேட் என்னும் பகுதியைக் கவ்வுகின்றன. சுவர் வேலை நிற்கிறது. பிறகு நடுவிலுள்ள கீல் மடங்கி, வால் சவ்வுக்குள் இறங்குகிறது. எட்டு நிசினும் நான்கு லிப்பிட்-2உம் சேர்ந்து சுமார் 2 நானோமீட்டர் அகலத் துளையாகின்றன. அயனிகள் ஒழுகி, செல் சாகிறது. வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தும் லிப்பிட்-2ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் வேறோர் இடத்தில். அந்த இடத்தை மாற்றிக்கொண்டு வான்கோமைசினிடம் தப்பும் பாக்டீரியா, அந்த ஒரு காரணத்தால் நிசினிடம் தப்பிவிடாது.

இனி உங்கள் ஆலைக்கு வருவோம். ஈஸ்ட்டிலும் பூஞ்சையிலும் லிப்பிட்-2 இல்லை, எனவே அவற்றை நிசின் தொடாது. அதற்கு சோர்பேட் வேண்டும். சூடோமோனாஸ், ஈ. கோலை ஆகிய பாக்டீரியாக்களில் லிப்பிட்-2 உண்டு, ஆனால் அவற்றின் கூடுதல் வெளிச்சவ்வு நிசினை உள்ளே விடாது. பேக்கிங் மேசையிலிருந்து தொற்றும் இவற்றைக் கழுவித்தான் ஒழிக்க வேண்டும். நிசினின் உண்மையான இரை, உருக்கும் சூட்டிலும் சாகாத கிளாஸ்ட்ரிடியம், பேசில்லஸ் பாக்டீரியாக்களின் ஸ்போர்கள், அதாவது விதைபோல் உறங்கும் வடிவங்கள். உறங்கும் ஸ்போரை அது கொல்லாது. முளைத்து வெளிவரும்போது தாக்கும். அந்த நாள் வரை சீஸில் நிசின் மிச்சமிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிளகு, சீரகம் சேர்த்த வகைகளில் மசாலாவோடு ஸ்போர் சுமையும் ஏறும். அதே அளவு நிசின் அங்கே போதாமல் போகலாம்.

அடுத்தது கணக்கு. பதப்படுத்திய சீஸுக்குச் சர்வதேச உணவுத் தர விதிகள் தரும் உச்சவரம்பு கிலோவுக்கு 12.5 மி.கி. இது தூய நிசினின் அளவு. கடைச் சரக்கில் பொதுவாக நிசின் 2.5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் உப்பு, கொஞ்சம் பால் புரதம். டப்பாவில் அதன் வலிமை கிராமுக்கு 10 லட்சம் அலகு என்று எழுதியிருக்கும். எனவே 12.5 மி.கி. நிசினுக்கு 500 மி.கி. தூள் வேண்டும், 100 கிலோ சீஸுக்கு 50 கிராம். விதியில் உள்ள எண்ணைத் தூளின் எடையாக எடுத்துக்கொண்டால், போட்டது நாற்பதில் ஒரு பங்கு!

கரைப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். பி.எச். 2இல் மில்லிலிட்டருக்கு 57 மி.கி. கரையும் நிசின், பி.எச். 6இல் சுமார் 1.5 மி.கி.தான் கரைகிறது. அந்த 50 கிராம் தூளை ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் கலக்கிக் கொட்டினால் ஒரு பகுதி அடியில் தங்கும். ஒரு லிட்டர் தண்ணீரை சிட்ரிக் அல்லது லாக்டிக் அமிலத்தால் பி.எச். 3 அருகே கொண்டுவந்து, அதில் முழுவதும் கரைத்து ஊற்றுங்கள். அமிலத்தில் நிசின் கொதியைத் தாங்கும்; சீஸின் பி.எச். 5.6 முதல் 6 வரை உள்ள நிலையில் நீண்ட சூடு அதைத் தின்னும். ஆகவே உருக்கலின் பிற்பகுதியில் சேர்ப்பது நல்லது, சீராகக் கலக்க நேரம் விட்டு. மெட்டாபைசல்பைட் என்னும் பதப்பொருளை அதோடு சேர்க்காதீர்கள், நிசின் செயலிழக்கும். தயிருக்கு உறை ஊற்றும் பாலில் போட்டால் உறைப் பாக்டீரியாவே சாகும்.

சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு. சீஸை 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆற வடித்து, மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்னும் சோதனைப் பாக்டீரியா விதைத்த அகார் தட்டின் குழியில் இடுங்கள். பக்கத்துக் குழியில் அதே சாறு, ஆனால் பி.எச். 11க்கு ஏற்றி 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, மறுபடி பழைய பி.எச்.க்கு இறக்கியது. முதல் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் தெரிந்து, இரண்டாவதைச் சுற்றித் தெரியாவிட்டால் நிசின் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு பேட்ச் தாளிலும் தூளின் அலகு வலிமை, கரைத்த நீரின் அளவும் பி.எச்.உம், சேர்த்த நேரம், அப்போதைய சூடு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஊதிய பாக்கெட்டை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அந்தத் தாளையும் கூடவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள் சிலர்