அந்த இருக்கை காலியாகவே இருக்கட்டும் என்பவர்களுக்கு

ரஷ் ரசிகர்களே, குறிப்பாக ‘நீல் பியர்ட் இல்லாமல் ரஷ் என்ற பேச்சே கூடாது’ என்று கொதித்துப் போயிருப்பவர்களே,

உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். கனடாவின் நம் மூவர் ராக் குழுவில் மிஞ்சியிருக்கிற இருவர், பேஸ் வாசித்துப் பாடும் கெடி லீயும் கிதார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும் மறுபடி மேடையேறப் போகிறோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தபோது எனக்கும் உடனே சந்தோஷம் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. நீலின் இடத்தில் டிரம்ஸில் யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். அனிகா நில்லெஸ் என்ற பெயரைப் பார்த்ததும், அவர் எப்படி வாசிப்பார் என்று கேட்டுப் பார்க்கும் முன்பே ‘வேண்டாம்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டேன். அதனால் உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நமக்கு இன்னும் அழுது முடியவில்லை, அவ்வளவுதான்.

அழுது முடிக்க நமக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதும் உண்மை. 2020 ஜனவரி 7-ல் நீல் போனார், 67 வயது. நமக்குத் தெரிந்தது 10-ம் தேதி. மூன்றரை வருஷமாக மூளைப் புற்றுநோயோடு இருந்திருக்கிறார், கெடியும் அலெக்ஸும் நெருங்கிய நண்பர்களும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். ரசிகர்கள் நேரில் வந்து பார்ப்பதே அவருக்குக் கூச்சம், ஒரு ஊரில் கச்சேரி முடிந்தால் மோட்டார் சைக்கிளில் ஏறி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிற மனுஷன். ஆக, செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இரவு நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கை தானாக மேசை விளிம்பில் தட்டத் தொடங்கியது. 1981-ல் வந்த ‘டாம் சாயர்’ பாட்டில், டிரம்ஸின் டாம் முரசுகளின் மேல் அடி உருண்டு இறங்குமே, அரங்கில் இருக்கிற அத்தனை பேரும் கையைத் தூக்கிக் காற்றில் அடிப்போமே, அந்த இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. இருபது வருஷமாகத் தப்பாமல் அடித்த இடம். அதற்கப்புறம் நான் அங்கே அடித்ததே இல்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீல் பியர்ட் பேரைச் சொல்லி அந்த இருக்கைக்குக் காவல் காப்பதை விடுங்கள். அந்த இருக்கையில் அவரும் இன்னொருவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்தான்.

நம் எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனாலும் இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ரஷ்ஷின் முதல் ஆல்பத்தில் வாசித்தது ஜான் ரட்ஸி. உடல்நிலை காரணமாக அவர் 1974-ல் விலகினார், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்க இரண்டே வாரம் இருக்கும்போது ஜூலை 29-ல் நீல் உள்ளே வந்தார். அதற்கு முன்னால் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் தன் அப்பாவோடு டிராக்டர் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தார். குழுவில் சேர வாசித்துக் காட்ட வந்தபோது அரைக்கால் சட்டை, அடிபட்ட பழைய ஃபோர்டு பின்டோ கார், டிரம்ஸ் எல்லாம் குப்பைத் தொட்டிகளுக்குள். கெடிக்கு உடனே பிடித்துவிட்டது. அலெக்ஸுக்கு முதலில் அவ்வளவாக மனசு ஒப்பவில்லை என்று அவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். நாம் இன்று யாருக்காக அழுகிறோமோ அவரையே ஒரு காலத்தில் ‘இவன் சரிப்பட்டு வருவானா’ என்று பார்த்திருக்கிறார்கள்! ஆகஸ்ட் 14-ல் பிட்ஸ்பர்கில் 11,000 பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில் முதல் கச்சேரி. அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து ‘ரட்ஸி எங்கே’ என்று கத்தி, அந்த 21 வயதுப் பையனை ஓட்டியிருந்தால்? நம்மிடம் இன்று என்ன இருந்திருக்கும்? நாற்பது வருஷம் கூடவே வாசித்த பிறகும் அவர்கள் இருவரும் அவரைப் ‘புதுப் பையன்’ என்றுதான் கிண்டலாகக் கூப்பிடுவார்கள், அவரும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிசு. 1990-களின் நடுவில், உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய காலத்தில், 40 வயது தாண்டிய அந்த மனிதர் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். அத்தனை வருஷமாக இரண்டு குச்சிகளையும் ஒரே மாதிரிப் பிடித்து அடித்தவர், இடது உள்ளங்கை மேலே பார்க்க, குச்சியைக் கட்டைவிரல் இடுக்கில் கிடத்திப் பிடிக்கும் பழைய ஜாஸ் பிடியை முதல் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டார். கையில் இரண்டு பென்சிலை எடுத்து அந்தப் பிடியை ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். முழுக்கை பலமும் போய்விடும், விரலும் மணிக்கட்டுச் சுழற்சியும்தான் மிச்சம். நன்றாக வந்த ஒரு கையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு கையை மாட்டிக்கொள்வது மாதிரி. அப்படிப்பட்டவர் பேரில் நாம் ‘எதுவும் மாறக் கூடாது’ என்று சட்டம் போடுகிறோம்.

அவருடைய துக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 1997 ஆகஸ்டில் மகள் செலீனா கார் விபத்தில் போனார். பத்தே மாதத்தில் மனைவி ஜாக்கி புற்றுநோயில். என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார், 88,000 கிலோமீட்டர் ஓட்டினார். கெடியும் அலெக்ஸும் வேறு ஆளைத் தேடவில்லை, அவரை அவசரப்படுத்தவும் இல்லை. ஐந்து வருஷம் ஒரு கச்சேரி கூட இல்லை. 2002-ல் அவராகத்தான் மேடைக்குத் திரும்பி வந்தார். நண்பன் உயிரோடு இருந்தபோது அத்தனை வருஷம் காத்திருந்தவர்கள் இவர்கள். அவர் போன பிறகும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த இரண்டு பேரைப் பார்த்து ‘பணத்துக்காக நண்பனை மறந்துவிட்டார்கள்’ என்று எழுதுகிறீர்களே, எழுதுவதற்கு முன்னால் அந்த ஐந்து வருஷத்தை ஒரு நிமிஷம் நினையுங்கள். நீல் பிறகு மணந்த மனைவி கேரியும் அவர்கள் மகள் ஒலிவியாவும் இந்தக் கச்சேரிப் பயணத்துக்கு ஆதரவு என்று வெளிப்படையாக அறிக்கை விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களைவிட நமக்கு அதிக உரிமை இருக்கிறதா என்ன?

அனிகா நில்லெஸ் ஜெர்மனிக்காரர், கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு 2022 சுற்றுப்பயணத்தில் வாசித்தவர். நான் ‘வேண்டாம்’ என்று சொன்ன மறுநாள் அவர் வாசிப்பைக் கேட்டேன். நீல் மாதிரி இல்லை. அடிகளுக்கு நடுவில் நிறைய இடம் விடுகிறார், ஸ்னேர் முரசில் மெல்லத் தொட்டுப் போகும் அடிகள் காதில் விழுந்தும் விழாமலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நகல் எடுக்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ரஷ்ஷின் பாட்டுகளோ, யார் வாசித்தாலும் கெட்டுப்போகாத கட்டுமானம். ‘ஒய் ஒய் ஸெட்’ ஒன்று போதும். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடான YYZ என்ற எழுத்துகளை மோர்ஸ் ஒலியில் (நீண்ட, குறுகிய ஒலிகளால் எழுத்துகளைச் சொல்லும் முறை) கேட்டு, அப்படியே தாளமாக்கினார்கள். நமக்கு இதை நம் இலக்கணத்திலேயே எண்ணலாம். ஒய் என்றால் நெடில், குறில், நெடில், நெடில்: ஏழு மாத்திரை. மறுபடி ஒரு ஒய், இன்னொரு ஏழு. ஸெட் என்றால் நெடில், நெடில், குறில், குறில்: ஆறு. மொத்தம் 20 மாத்திரை. முதலில் மணி அடிப்பது மாதிரித் தனியாக வரும், அப்புறம் மூன்று பேரும் அதே கணக்கில் சேர்ந்து இறங்குவார்கள். அந்தக் கணக்கை நீல் நமக்கு விட்டுப் போயிருக்கிறார். மேடையில் யாரும் அதை இனி வாசிக்கக் கூடாது என்றால், பதிவு மட்டும்தான் மிஞ்சும். பதிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளும் நானும் ஒரே நொடியில் காற்றில் கையை வீசுவது பதிவில் வராது.

உங்களை நுழைவுச்சீட்டு வாங்கச் சொல்லவில்லை. மனசு வராதவர்கள் போக வேண்டாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. போகிறவர்களைத் துரோகி என்று சொல்லாதீர்கள், அனிகாவுக்கு வசை எழுதாதீர்கள், இவ்வளவுதான் கேட்கிறேன்.

2026 ஜூன் 7-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். 2015 ஆகஸ்ட் 1-ல் நீல் கடைசியாக வாசித்த அதே இடம். அன்று கச்சேரி முடிந்ததும், அத்தனை வருஷமும் தாண்டாத எல்லையைத் தாண்டி, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து மேடை முன்புறம் வந்து இரண்டு நண்பர்களையும் அணைத்துக்கொண்டார். நமக்குக் கிடைத்த விடைபெறுதல் அது ஒன்றுதான், அன்று அது நமக்குத் தெரியவும் இல்லை.

நான் அங்கே இருக்கப் போவதில்லை. ஹெட்போனோடு இதே மேசை முன்னால்தான் இருப்பேன். அந்த உருட்டல் வரும்போது இந்த முறை கையை நிறுத்தாமல் அடிக்கப் போகிறேன். அரங்கில் இருப்பவர்கள் எனக்கும் சேர்த்துக் கையைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்