முழங்கால் உயர அருவி

பினாங்கு,
அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இந்த மாதப் பணம் வங்கியில் சேர்ந்திருக்கும். அம்மாவின் மருந்துக்குப் போக மீதியை வழக்கம்போல் சீட்டுக்குக் கட்டிவிடுங்கள். தொழிற்சாலையில் வேலை சீராகப் போகிறது, அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். காமிராவைத் தூக்கிக்கொண்டு அருவி தேடிப் போகிறேன். குற்றாலத்துப் பேரருவியையும் ஐந்தருவியையும் பார்த்து வளர்ந்தவனுக்குப் பினாங்கில் என்ன அருவி என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தமிழர்கள் தண்ணீர்மலை என்று சொல்லும் இடத்தில், பாலதண்டாயுதபாணி கோயிலைத் தாண்டி, 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதற்குப் பின்னால் பெரிய அருவி ஒன்றும் உண்டு. ஆனால் அது குடிநீர் எடுக்கும் பகுதிக்குள் இருப்பதால், அனுமதி வாங்காமல் நினைத்த நேரத்தில் போக முடியாது. தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலை ஓரத்தில் தீத்தி கெராவாங் என்ற அருவி இருக்கிறது. நான் போன அன்று அது நூலாக இளைத்திருந்தது, பக்கத்துக் கடையில் டுரியான் பழம் தின்றுவிட்டுத் திரும்பினேன். ஆகவே எனக்கு வாய்த்தவை, தெலுக் பாஹாங் வனப் பூங்காவின் ஓடைகளில் பாறைக்குப் பாறை தாவி விழும், பெயர்கூட இல்லாத, முழங்கால் உயர அருவிகள்தாம்.

அவற்றை முதல் மாதம் முழுவதும் கெடுத்தேன். படத்தின் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் அருவியை வைக்க வேண்டும் என்று படித்திருந்ததை அப்படியே செய்தேன். படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, ஆனால் ஒன்றையும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை. அதன்பின் ஒரு நாள், எந்த எண்ணமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தபோது கால் தானாக நின்ற இடத்திலேயே, காரணம் தேடாமல், ஸ்டாண்டை விரித்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் என்னை நிறுத்தியது எது என்று புரிந்தது. கருங்கல்லின் மேல் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து விழ, மூன்றாவதாக ஒரு மெல்லிய இழை மட்டும் பாறையை விட மனமில்லாததுபோல் அதன் விளிம்பிலேயே ஊர்ந்து இறங்கியது. அந்த இழை போகும் திசையில், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு செம்பழுப்பு இலை கிடந்தது. கண் அதை முன்பே கண்டுவிட்டது, புத்திதான் பின்னால் வந்து சேர்ந்தது.

அப்போது உங்கள் யாஷிகா காமிரா நினைவுக்கு வந்தது. மேலிருந்து குனிந்து பார்க்கும் அதன் தேய்த்த கண்ணாடியில் உருவம் இடவலமாக மாறித் தெரிவதைச் சிறுவயதில் நான் குறையாகவே நினைத்தேன். மாறித் தெரிவதால்தான் மரம் மரமாகவும் பாறை பாறையாகவும் தோன்றாமல், இருட்டாகவும் வெளிச்சமாகவும், எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்றும் தெரிந்திருக்கிறது. என் காமிராவில் அந்த வசதி இல்லையாதலால் கண்ணைப் பாதி சுருக்கிப் பார்க்கிறேன். இன்னொன்று, நீங்கள் காமிராவை வயிற்றுக்கு நேராகத் தொங்கவிட்டுக் குனிந்து பார்ப்பீர்கள். சின்ன அருவிக்கு அந்த உயரம்கூட அதிகம். நின்றபடி எடுத்தால் அது சாக்கடை மடைபோல் தெரிகிறது, ஓடைக்குள் மண்டியிட்டு எடுத்தால்தான் அருவியாகிறது.

நம் பழைய சண்டைக்கு வருகிறேன். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துத் தண்ணீரைப் பால் மாதிரி ஆக்குவது ஏமாற்று என்பீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். காட்டுக்குள் மர நிழலில், அதுவும் மேகம் மூடிய நாளில், ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100இலும் லென்ஸின் துவாரத்தை எஃப் 11இலும் வைத்தால் ஷட்டர் நேரம் தானாகவே அரை நொடிக்குப் போய்விடுகிறது, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி எதுவும் தேவைப்படுவதில்லை. அருகில் நின்று எடுப்பதால் சட்டத்துக்குள் தண்ணீரின் ஓட்டமும் பெரிதாகிறது. இரண்டு நொடி விட்டால் இட்லி மாவு ஊற்றியதுபோல் ஆகிவிடுகிறது, கால் நொடியில் இழைகள் பிரிந்து நிற்கின்றன. எனக்குக் கால் நொடிதான் பிடித்திருக்கிறது. லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் கண்ணாடி இரண்டு ஸ்டாப் வரை, அதாவது முக்கால் பங்கு வரை, வெளிச்சத்தைத் தின்றாலும் அதை விட மாட்டேன், ஏனெனில் ஈரப் பாறையில் பளபளக்கும் வானத்தை அது துடைத்ததும் பாசியின் பச்சை திரும்பி வருகிறது. ஆனால் முழுக்கத் திருப்பினால் பாறை காய்ந்ததுபோல் செத்துப்போகிறது, ஆகவே கொஞ்சம் மினுக்கு மிஞ்சும்படி பின்னோக்கித் திருப்பிவிடுகிறேன். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்: சென்ற மாதம் பாசியில் வழுக்கி விழுந்தேன். காமிராவைத் தலைக்கு மேல் பிடித்துவிட்டேன், முட்டிதான் சிராய்த்தது. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் காவலர்கள் ஆட்களை வெளியேற்றுவார்கள், இங்கே சொல்ல ஆளில்லை. மலை உச்சியில் மழை பெய்வது கீழே தெரியாது. தண்ணீர் கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறிவிடுகிறேன். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது மட்டும் என் சோம்பல்தான். ஈரத்தோடு பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன்.

மூன்று படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த இலை இருப்பது இரண்டாவது படத்தில். இடது ஓரத்தில் உள்ள வேரைப் படத்திலிருந்து வெட்டலாமா விடலாமா என்று ஒரு வாரமாகக் குழம்புகிறேன். நீங்கள் ஸ்டூடியோவில் செய்வதுபோல் பென்சிலால் கோடு போட்டு, தைப்பூசத்துக்கு வரும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புங்கள். ஐப்பசி மழைக்குக் குற்றாலத்துச் சிற்றருவியில் தண்ணீர் விழுகிறதா என்றும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்