ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு சிசேரியன் முடிந்த இரண்டாவது வாரம் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. சுளுக்கு என்று நல்லெண்ணெய் காய்ச்சி நீவ உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார்தான் தடுத்து, அன்றைக்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, மருந்து? ஹெப்பாரின் ஊசியும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளும் இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமலும் புதிதாக உறையாமலும் பார்த்துக்கொள்கின்றன, கரைப்பது உடம்பின் வேலை, அதனால்தான் பொதுவாகக் குறைந்தது 3 மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள். வீக்கம் வடிந்துவிட்டதே என்று தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, அந்த அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை அடியோடு விட வேண்டியதில்லை, அளவு திடீரென்று கூடிக் குறையாமல் இருந்தால் போதும்.

பிரசவமும் அறுவை சிகிச்சையும் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க எல்லா மருத்துவமனைகளையும் சுகாதாரத் துறை கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை