அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டர் பலகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆனி பிறந்தாலே பாளையங்கோட்டையில் வாடகை வீடு தேடுபவர்கள் கூட்டம் பெருகிவிடுகிறது. பள்ளி, கல்லூரி திறந்த நேரம். ஆடி வந்துவிட்டால் குடிபோக மாட்டார்கள். அந்த அவசரத்தில் புதுப் பெயின்டையும் டைல்ஸையும் மட்டும் பார்த்துவிட்டு, அன்று மாலையே அட்வான்ஸைக் கொடுத்து, பால் காய்ச்ச நாள் குறித்துவிடுகிறார்கள். நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெருமாள்புரம், மகாராஜ நகர், வண்ணார்பேட்டை என்று வீடு வீடாக ஏறி இறங்கியவன். அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் மாடிப்படிக்குக் கீழே உள்ள மீட்டர் பலகையின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு மின்வாரிய மீட்டர் தனியாக இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து சப்-மீட்டர் வைத்திருக்கிறார்களா? இதைக் கேட்காமல் குடிவந்து மாதாமாதம் நஷ்டப்படும் குடும்பங்கள் ஏராளம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உள்ள சலுகை. மூன்று குடும்பங்கள் தலா 150 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு என்றால் ஆளுக்கு 50 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். ஒரே இணைப்பில் 450 யூனிட் ஓடினால் 350 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். அளவு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். அதற்கு மேல் வீட்டுக்காரர் தாமாக ஒரு விலை வைத்து வசூலித்தால், குடியிருப்பவர் என்ன செய்வார்? இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பாக்கி இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் ஓடும் பொது இணைப்புக்கு யார், எந்தக் கணக்கில் கட்டுகிறார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தரைத்தள வீடு என்றால் அந்தப் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைக்காரர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. என் தங்கை மகன் ஆற்றை ஒட்டிய தெருவொன்றில் குடியிருந்தான். மீட்டர் பெட்டி, மோட்டார், பிள்ளைகளின் புத்தகம் அத்தனையும் சேற்றுக்குள் போயின. குடிவரும்போது 1992 வெள்ளத்தைப் பற்றிக்கூட அவனிடம் யாரும் வாய் திறக்கவில்லை. இன்று அதே தெருவில் சுவருக்குப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் சொல்லாவிட்டாலும் எதிரே டீக்கடை வைத்திருப்பவர் சொல்வார்: தண்ணீர் எதுவரை வந்தது, வடிய எத்தனை நாளாயிற்று, சம்புக்குள் சாக்கடை கலந்ததா என்று.

குழாயில் ஆற்றுத் தண்ணீர் எந்த நேரம் வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்பதை நம் பெண்கள் கேட்காமல் விடமாட்டார்கள். ஆகவே அதை விரிக்கவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது என்பதை அன்றே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வற்புறுத்துங்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. 2023 வெள்ளம் ஏறிய தெருக்களில், தண்ணீர் நின்ற உயரத்தைப் பொதுச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஆண்டோடு குறித்து வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்து வீடு தேடுகிறவர்களுக்கு இந்த ஊரின் ஆற்றைத் தெரியாது. வரும் ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் கணக்கீட்டாளர்,
மகாராஜ நகர், பாளையங்கோட்டை.