பிராக்சி வழிப் பதிவிறக்கம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மிடம் இணைய இணைப்புப் பெற்றிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

"பிரவுசரில் எல்லாம் திறக்கிறது, டபிள்யூகெட் (கட்டளை தட்டிக் கோப்புகளை இறக்கும் நிரல்) மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது, வேண்டுமென்றே அடைத்துவிட்டார்கள்" என்றொரு பேச்சு உலவுவதை அறிவோம். எதையும் அடைக்கவில்லை. இணைப்பின் வாடகை ஏறிய நிலையில், பலர் ஒரே உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) மென்பொருள் தொகுப்புகளைத் திரும்பத் திரும்ப இறக்குவதைத் தாங்க முடியாமல், பிராக்சி ஒன்றை, அதாவது உங்கள் கோரிக்கைகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பிவைக்கும் இடைநிலைச் சர்வரை, ஸ்குவிட் என்ற மென்பொருளைக் கொண்டு 3128ஆம் போர்ட்டில் (நுழைவாயில் எண்) நிறுவியிருக்கிறோம். அத்தொகுப்புகள் பெரும்பாலும் எச்டிடிபி (தகவலைக் குறியாக்கமின்றி, திறந்தபடி கொண்டுவரும் முறை) வழியே வருவதால், ஒருவர் இறக்கியது அடுத்தவருக்குச் சேமிப்பிலிருந்தே கிடைத்துவிடும். இனி வெளியே செல்லும் வழி பிராக்சி ஒன்றுதான். பிரவுசரில் செய்த அமைப்பை டபிள்யூகெட் பார்ப்பதில்லை என்பதால் அதற்குத் தனியே சொல்லியாக வேண்டும்.

இதைவிட எங்களை வருத்தியது, "யார் எதை இறக்குகிறார்கள் என்று வேவு பார்க்கவே இந்த ஏற்பாடு" என்ற சொல். தகவலைக் குறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு பிராக்சி ஒரு குழாயை மட்டுமே திறந்துவிடுகிறது. எந்தக் கணினி அல்லது பயனர், தளத்தின் பெயர், நேரம், எத்தனை பைட் போன்றவைதாம் பதிவேட்டில் விழும்; உள்ளடக்கம் விழாது. லாரி செட்டில் மூட்டை எந்த ஊருக்கு, என்ன எடை என்று எழுதிக்கொள்வார்களே தவிர, தைத்த வாயைப் பிரித்துப் பார்ப்பதில்லை அல்லவா? குறியாக்கம் இல்லாத எச்டிடிபியில் முழு முகவரியும் பதிவாகும் என்பது உண்மைதான். எந்த பிராக்சியிலும் அப்படித்தான். அதை உட்கார்ந்து படிக்க எங்களுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அமைக்கும் முறைக்கு வருவோம். பிராக்சி முகவரியைத் தாங்கும் சூழல் மாறிகளை (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்புகள்) எக்ஸ்போர்ட் செய்தும் வேலையை முடிக்கலாம். ஆனால் சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளையை இயக்குவது) போட்டால் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும், கிரான் பணிகளுக்கு (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) அவை எட்டுவதே இல்லை. மேட்டூர் நீர்மட்ட விவரத்தை நாள்தோறும் விடியலில் தானாக இறக்கி வைத்துக்கொள்ளும் அன்பர்களுக்குப் பதிவிறக்கம் நின்றதற்கு இதுவே காரணம். ஆகவே ஹோம் அடைவிலுள்ள டபிள்யூகெட்ஆர்சி (.wgetrc) என்ற அமைப்புக் கோப்பில் எழுதுவதையே பரிந்துரைக்கிறோம். கணினி முழுமைக்கும் வேண்டுமானால் இடிசி அடைவில் முன்புள்ளி இல்லாமல் அதே பெயருள்ள கோப்பு (/etc/wgetrc) இருக்கிறது. எழுத வேண்டிய வரிகளை அச்சிட்டு எங்கள் அலுவலக மேசையில் வைத்திருக்கிறோம். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கான வரியிலும் பிராக்சியின் முகவரி 'எச்டிடிபி' என்றே தொடங்க வேண்டும். கூடுதலாக ஒரு 'எஸ்' சேர்த்தால், பரவலாக உள்ள டபிள்யூகெட் 1 வரிசை, முகவரி எச்டிடிபியாக இருக்க வேண்டும் என்று பிழை காட்டி நின்றுவிடும்.

407 என்ற பிழை எண் வந்தால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ பிராக்சிக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது தவறாக இருக்கிறது என்று பொருள். (பயனர் கணக்குகளை வழங்கிவருகிறோம், அடுத்த மாத ரசீதில் கணக்கு ஒன்றுக்கு 120 ரூபாய் கூடியிருக்கும்.) கடவுச்சொல்லில் @ குறி இருந்து, அதை பிராக்சி முகவரிக்குள்ளேயே எழுதுவதானால் %40 என்று மாற்றி எழுதுங்கள். கட்டளை வரியில் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். அதே கணினியில் இருக்கும் பிறர், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை இட்டால் அது கண்ணில் பட்டுவிடும். கோப்பில் எழுதி, அனுமதியை 600 (நீங்கள் மட்டும் படித்து எழுதலாம் என்ற நிலை) ஆக்கிவிடுங்கள். உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் பில்லிங் சர்வர் போன்றவற்றை, பிராக்சி வழியே போக வேண்டாதவற்றுக்கான விலக்குப் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். கர்ல் (இதுபோன்ற இன்னொரு நிரல்) பயன்படுத்துவோர் கவனிக்க: அது டபிள்யூகெட்டின் கோப்பைப் படிப்பதில்லை, எச்டிடிபிக்குரிய சூழல் மாறியைப் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் ஏற்பதில்லை.

2018இல் கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து ஊரே இருளில் கிடந்தபோதும் எங்களை விட்டுப் போகாத உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். அந்த உரிமையில் கேட்கிறோம்: குறை இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். திரையில் வரும் பிழையின் கடைசி வரிகளைப் படமெடுத்து, கடவுச்சொல் தெரியும் வரியை மறைத்து அனுப்பினால் போதும். அன்றைக்கே பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்