செங்கடல் முதல் கோத்தகிரி வரை

ஆசிரியருக்கு வணக்கம். தேயிலை ஏற்றுமதியும் விலையும் பற்றிய கடிதம் இது.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியதும், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. சரக்குக் கட்டணம் எகிறியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பிற நாடுகளின் வரிக்கு ஈடு என்று சொல்லி அமெரிக்கா விதித்த பரஸ்பர வரி தேயிலைக்கு நீங்கியது. விதிகள் இப்படி மாறினால் யார் துணிந்து ஒப்பந்தம் போடுவார்?

வெளியே நிலை இது; உள்ளே, குன்னூர் தேயிலை ஏலம் கணினிக்கு மாறிப் பல ஆண்டுகளாகின்றன. எங்கோ இருக்கும் வணிகர் திரையைப் பார்த்தே விலை கேட்கிறார். பனியில் நனைந்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, சாலையோரம் எடைக்குக் காத்திருக்கும் சிறு விவசாயியின் கையிலோ வெறும் எடைச்சீட்டு! இது கொஞ்சமும் நியாயமில்லை. ஒவ்வொரு ஏலத்தின் சராசரி விலையையும் அன்றே, தமிழிலேயே, அவர் கைபேசிக்குத் தேயிலை வாரியம் அனுப்ப வேண்டும்.

– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி