பேக்பைப்புக்கு மெட்டுப் போடும் இசையமைப்பாளர்களுக்கு

அன்புள்ள இசையமைப்பாளர்களே,

காற்றுப்பையோடு கூடிய குழல் வாத்தியமான ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பேக்பைப்புக்குப் புது மெட்டுகள் இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் கீபோர்டில் பிறந்து வரும் மெட்டுகளில் பல, குழலில் உட்கார மறுக்கின்றன. தயவுசெய்து மெட்டை விரலில் இருந்தே கட்டுங்கள்.

விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழலான சேன்டரில் இருப்பது 9 சுரங்கள்தான்: ஒரு கீழ் நி, பிறகு ச முதல் மேல் ச வரை. வரிசை நம் அரிகாம்போதி. மேற்கத்திய இசைத்தாளில் ச-வை ஏ என்று எழுதுவார்கள். காதில் விழுவதோ பி ஃபிளாட்டுக்கும் சற்று மேலே. காந்தாரம் கீபோர்டைவிடச் சுமார் 14 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) தாழ்ந்து நிற்கும். கணினியில் கேட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

இரண்டு டெனர், ஒரு பாஸ் என மூன்று ஒத்துக்குழல்களும் ச-வையே பிடித்திருக்கும். நாகசுர ஒத்து போலத்தான், நடுவில் மாறாது. க, ப இரண்டும் அதில் கரையும். ரி, நி இரண்டும் உரசும். அந்த உரசலுக்குப் பயப்படாதீர்கள், இந்த வாத்தியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கீழ் நி, ச, ரி, ம, ப என்ற ஐந்தில் இரண்டு பார் (தாளச் சுற்று) நடந்துவிட்டு ச-வில் இறங்கிப் பாருங்கள். வீடு திரும்பியது போல இருக்கும்.

காற்று நிற்காது. ஆகவே மௌனக் குறி போட்டுப் பயனில்லை. வரி முடிவில் நீண்ட சுரம் வையுங்கள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. அழுத்தம் வேண்டுமென்றால் சுரத்தின் நீளமும், சுரத்துக்கு முன் தொட்டுவிட்டுப் போகும் மிகச் சிறு சுரமான கிரேஸ்நோட்டும்தான் வழி. ‘ச ச ச’ என்று எழுதினால் ஒரே நீண்ட ச-தான் கேட்கும். மேல் நி, ம, ப கிரேஸ்நோட்டுகளை வரிசையாக வைத்து அதை மூன்றாக வெட்ட வேண்டும். ம-வால் வெட்ட, அடியில் உள்ள சுரம் ம-வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ப-வுக்கும் அதே விதி. மேல் ச-வை மேலிருந்து வெட்டச் சுரமே இல்லை, அதை அடுத்தடுத்து எழுதாதீர்கள்.

பலர் இடறுவது ம-விலிருந்து ப-வுக்குப் போகும் இடத்தில். வலக்கையின் மூன்று விரல்கள் மூட வேண்டும், சுண்டுவிரல் எழ வேண்டும், அதே நொடியில் இடக்கை மோதிரவிரலும் எழ வேண்டும். வலக்கை ஒரு கணம் முந்தினால் கீழ் ச எட்டிப் பார்க்கும். வேகமான ஜிக் நடன மெட்டில் ‘மபமப’ என்று அடுக்கினால் தேர்ந்தவர்களுக்கும் அது கரகரப்பாகவே விழும்.

அமைப்பு எளிது. ஒரு பகுதிக்கு 8 பார், பெரும்பாலும் இருமுறை வாசிப்பு. போட்டிக்கான 2/4 தாள மார்ச் (அணிநடை மெட்டு) என்றால் வழக்கமாக 4 பகுதிகள். பகுதிகளின் கடைசி இரண்டு பார்களை ஒன்றாகவே வைத்தால் மெட்டு மனத்தில் தங்கும்.

பயிற்சி சேன்டரில் ஒத்து கிடையாது. சுருதிப் பெட்டியை அதன் ச-வுக்குச் சேர்த்து, ப-வை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். மலைநாட்டுக்காரர்கள் நம் சொற்கட்டைப் போல அசைகளால் மெட்டைப் பாடியே கற்றுக்கொடுத்தார்கள். நீங்களும் முதலில் பாடுங்கள். தாளைக் கொடுக்கும் முன் ஒரு வாசிப்பாளரை நிறுத்தாமல் மூன்று முறை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் விரல் தடுக்கினால், அந்தச் சுரத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பேக்பைப் வாசிப்போர் சிலர்